தூத்துக்குடியில் சுடச் சொன்னது யார்?

வாசகர் கேள்வி
மே 21, 2024

நாளை மே 22, 2018-ல் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்ட நாள். வழக்கம்போல அஞ்சலி போஸ்டர் ஒட்டுவீர்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஸ்டெர்லைட் ஆலையை மூடியாச்சு. இறந்தவர் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தாச்சு, அரசு வேலையும் கொடுத்தாச்சு. ஆணையம் போட்டு அறிக்கையும் வந்தாச்சு. அன்றைக்கு 144 தடை இருந்தது. கலெக்டர் ஆபீஸில் வண்டிகள் எரிந்தன. போலீஸ்காரர்களும் மனிதர்கள்தானே, உயிர்ப்பயம் இருக்காதா? இன்னும் உங்களுக்கு என்னதான் வேண்டும்?

மே 22, காலை

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். சுட்டவர்கள் மீதும் சுடச் சொன்னவர்கள் மீதும் கொலை வழக்கு வேண்டும். அது நீதிமன்றத்தில் நடக்க வேண்டும், குற்றவாளிக் கூண்டில் பெயரும் பதவியும் உள்ள ஆட்கள் நிற்க வேண்டும். ஆறு வருஷமாக அது ஒன்றுதான் நடக்கவில்லை. நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை.

144 பற்றி. முதல் நாள் இரவு போட்ட உத்தரவு அது. சிப்காட், தென்பாகம் காவல் நிலைய எல்லைகளுக்குத்தான். மறுநாள் காலையில் பனிமய மாதா கோயில் முன்னால் கூடிய பெண்களில் பலருக்கு அப்படி ஒரு உத்தரவு இருப்பதே தெரியாது. சரி, தெரிந்தே மீறினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 188-ன்படி அதற்கு அதிகபட்ச தண்டனை ஆறு மாதம் ஜெயில், ஆயிரம் ரூபாய் அபராதம். ஓடுகிறவன் முதுகில் குண்டு என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

மே 22, மதியம்

காலையில் அவசரமாக எழுதினேன். இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் அந்த ஊர்வலத்தில் போனவன். சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். சரியாகச் சொன்னால் அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அப்போது அறுபது வயசு தாண்டிவிட்டது. தெருவில் அடுத்தடுத்து மூன்று வீட்டில் புற்றுநோய், அதுதான் அவருடைய அரசியல். கட்சி கிடையாது, கொடி கிடையாது. ஒரு வயர் கூடையில் இரண்டு பாட்டில் மோர், கொஞ்சம் சேவு, மாத்திரை டப்பா. "கலெக்டர் கையில மனுவைக் கொடுத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரலாம்" என்றுதான் கிளம்பினார்.

எங்களுக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் போனார். மீனவர் தெருக்காரர்கள், வியாபாரிகள், திருநங்கைகள், கல்லூரிப் பிள்ளைகள், குமரெட்டியாபுரத்தில் பிப்ரவரி 12 முதல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாரும் கலந்த கூட்டம். வருஷத்துக்கு நாலு லட்சம் டன் தாமிரம் எடுக்கிற ஆலையை எட்டு லட்சமாகப் பெருக்கப் போகிறார்கள், இருப்பதையே தாங்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. நூறாவது நாள் அது. தொண்ணூற்றொன்பது நாளும் அங்கே ஒரு கல் பறக்கவில்லை. மார்ச் 24 அன்று ஊரே திரண்டு பொதுக்கூட்டத்துக்கு வந்தது, அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. அதே ஜனங்கள் ஒரே ராத்திரியில் கலவரக்காரர்களாக மாறிவிட்டார்கள் என்றால் நான் நம்ப மாட்டேன்.

வி.வி.டி. சிக்னல் தாண்டி வெயில் தாங்காமல் சித்தி ஒரு கடை நிழலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கலெக்டர் ஆபீஸ் வரை போகவே இல்லை. போனவர்கள் திரும்பி ஓடி வந்ததைத்தான் பார்த்தோம். முதலில் பைக்குகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நடுவில் இருப்பவருக்குத் தலை தொங்கிக்கிடக்கும். ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

மே 22, இரவு

வண்டி எரிந்ததே என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். ஆம், எரிந்தது. கலெக்டர் அலுவலக வளாகத்திலும் எரிந்தது, ஸ்டெர்லைட் குடியிருப்பிலும் எரிந்தது. கொளுத்தியவன் எவனோ அவன் மீது வழக்குப் போடுங்கள், கேமரா ஆதாரத்தைக் காட்டித் தண்டியுங்கள். அதற்கு ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. அவன் கொளுத்தினான் என்பதற்காக ஸ்கூல் முடித்த 17 வயசுப் பெண் பிள்ளையின் மீது ஏன் சுட்டீர்கள் என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளை எந்த வண்டியைக் கொளுத்தியது?

மே 23

நேற்று எழுதியதை வாசித்த ஒருவர், "கூட்டம் கட்டுக்கடங்காமல் போனால் கீழ்மட்டக் காவலர் பதற்றத்தில் சுட்டுவிடுவார், அதை வைத்து மேலதிகாரியைக் கூண்டில் ஏற்ற முடியுமா" என்கிறார்.

பதற்றத்தில் சுட்டது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள், எல்லா டிவியிலும் வந்தது. போலீஸ் வேன் கூரையில் மஞ்சள் டீ-ஷர்ட்டில் ஒருவர். சீருடை இல்லை. கையில் நீளத் துப்பாக்கி. மண்டியிட்டு, படுத்து, நிதானமாகக் குறி பார்க்கிறார். பக்கத்தில் இன்னொருவர் துணைக்கு நிற்கிறார். பதற்றப்பட்டவர் வேன் மேல் ஏறி இடம் பார்த்துப் படுக்க மாட்டார்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இதைத்தான் விரிவாகச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து எழுதிய அறிக்கை. கலெக்டர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்று போலீஸ் சுட்டது. முறையான எச்சரிக்கை கிடையாது. கண்ணீர்ப் புகை, தண்ணீர் பீய்ச்சுவது, தடியடி, வானத்தை நோக்கிச் சுடுவது என்று படிப்படியாகப் போக வேண்டிய விதி இருக்கிறதே, அது காற்றில் போனது. இடுப்புக்குக் கீழே என்ற விதியும் போனது. பின்பக்கமாகக் குண்டு நுழைந்த காயங்கள். ஒரே ஒரு காவலர் மட்டும் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார், அவரை வெவ்வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட வைத்திருக்கிறார்கள். ஒரு காவலர் தானாக இடம் இடமாகப் போய்ச் சுட முடியுமா? யாரோ அனுப்பினார்கள். அந்த 'யாரோ' யார் என்று பெயரோடும் பதவியோடும் ஆணையம் எழுதியது. அப்போதைய ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. உட்பட 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. கலெக்டர் மீதும்.

இன்றைக்குத்தான் அண்ணாநகரில் சுட்டார்கள், 23-ம் தேதி. அதை மறந்துவிடுகிறோம். முதல் நாள் கலெக்டர் ஆபீஸ், மறுநாள் குடியிருப்புத் தெரு. அங்கே எந்த அலுவலகத்தைக் காப்பாற்றினார்கள்?

மே 24

திரேஸ்புரம் பற்றி ஒருவர் கேட்டார். அது கலெக்டர் அலுவலகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஊரின் ஒரு கோடியில் கலெக்டர் ஆபீஸ், மறுகோடியில் கடலை ஒட்டித் திரேஸ்புரம். அங்கே ஒரு பெண், மகள் வீட்டுக்கு மீன் கொடுக்கப் போனவர், தலையில் குண்டு பட்டுச் செத்தார். ஊர்வலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் கேள்வி கேட்டவரே, இந்த ஒரு சாவுக்கு மட்டுமாவது நீங்கள் சொன்ன 'உயிர்ப்பயம்' பதிலாகுமா, சொல்லுங்கள்.

மே 25

இன்று நெட் பற்றி. 23-ம் தேதி தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தைத் துண்டித்தார்கள். வதந்தி பரவாமல் தடுக்கவாம். எங்கள் தெருவில் நடந்ததை நாங்கள் வெளியே சொல்ல முடியாமல் போனதுதான் மிச்சம்.

ராத்திரி பூட்ஸ் சத்தம் கேட்கும். தெரு விளக்கு அணையும். கதவைத் தட்ட மாட்டார்கள், உதைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன், ஐ.டி.ஐ. படித்தவன், ஊர்வலம் நடந்த அன்று உப்பளத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். லுங்கியோடு இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் அம்மா பின்னாலேயே ஓடினார். எந்த ஸ்டேஷன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு காவல் நிலையத்தில் கேட்டால் இங்கே இல்லை என்றார்கள், அடுத்த நிலையத்திலும் அதே பதில். கைது ரெக்கார்டு இல்லை, குறிப்பாணை இல்லை. வல்லநாட்டில் போலீஸ் துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் பையன்களை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. முதலில் யாரும் நம்பவில்லை. வக்கீல்கள் நீதிமன்றத்தில் முறையிட்டு, மாஜிஸ்திரேட் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அது உண்மை என்று ஊருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்த வக்கீல்கள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் அலைந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பையன் திரும்பி வந்தான். முதுகைக் காட்டச் சொன்னேன், காட்ட மறுத்துவிட்டான். புகார் கொடுக்கலாம் வா என்று கூப்பிட்டேன். "விடுங்கண்ணே, பாஸ்போர்ட்டுக்குப் போட்ருக்கேன், வெரிஃபிகேஷன் அவங்கதானே பண்ணணும்" என்றான்.

சுட்டவர்களைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்கள் இந்தப் பதிலை ஒரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

மே 27

"யாருடைய உத்தரவு" என்ற இடத்துக்கு மறுபடி வருகிறேன், பலர் அதையே கேட்டிருக்கிறீர்கள்.

காகிதத்தில் பார்த்தால், சுட உத்தரவிட்டது துணை வட்டாட்சியர் நிலையில் இருந்த சிலர். சிறப்பு நிர்வாக நடுவர் என்று அன்றைக்குப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் யோசியுங்கள். ஐ.ஜி. நிற்கிறார், டி.ஐ.ஜி. நிற்கிறார், எஸ்.பி. இருக்கிறார். சாதிச் சான்றிதழிலும் பட்டாவிலும் கையெழுத்துப் போடுகிற ஒரு துணை வட்டாட்சியர் முடிவெடுத்து, அதற்கு அவர்கள் கீழ்ப்படிந்தார்களாம்! மாவட்டத்தின் தலைமை நடுவரான கலெக்டர் அன்றைக்குக் கோவில்பட்டியில் இருந்தார். நூறு நாளாக ஊருக்கே தெரிந்த தேதி அது. ஆணையமும் அவரைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

அதற்கும் மேலே? போலீஸ் துறையைக் கையில் வைத்திருந்த முதல்வர் எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச்சூட்டை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தலைமைச் செயலாளர், டி.ஜி.பி., உளவுத்துறைத் தலைவர் மூவரும் அவருக்கு அவ்வப்போது நிலவரத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று ஆணையம் பதிவு செய்தது. அப்படியானால் அந்தப் போன் பேச்சுகளில் என்ன சொல்லப்பட்டது, என்ன பதில் வந்தது? குற்ற விசாரணை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். யாரும் ஆரம்பிக்கவில்லை.

மே 28

ஆலையை மூடி அரசாணை போட்டது 2018-ல் இதே தேதி. உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் இந்த வருஷம் பிப்ரவரி 29-ல் ஆலையை நடத்திய வேதாந்தா நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆலைக்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தே விட்டது. ஆலை வேண்டாம் என்று சொன்னவர்களைச் சுட்ட வழக்கு எங்கே நிற்கிறது?

ஜூன் 1

நீளமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அப்போதிருந்த ஆட்சி மாறிவிட்டதே, பிறகென்ன" என்று ஒரு நண்பர். எந்த ஆட்சி என்பதில் பதில் இல்லை தம்பி.

1999 ஜூலை 23. நான் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், ஜெயிலில் இருந்த தங்கள் ஆட்களை விடக் கேட்டும் நெல்லை கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போனார்கள். கொக்கிரகுளத்தில் தடியடி. ஓட இடமில்லாமல் தாமிரபரணியில் இறங்கினார்கள், ஆற்றுக்குள்ளும் விரட்டி அடித்தார்கள். 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. மறுநாள் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது கரையில் செருப்புகள் கிடந்தன, ஜோடி சேராத செருப்புகள், பெண்கள் போடுகிற ரப்பர் செருப்பு நிறைய. பஸ்ஸில் ஒருத்தரும் பேசவில்லை. அப்போது தி.மு.க. ஆட்சி. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. பெரும்பாலோர் மூழ்கிச் செத்தார்கள், போலீஸ் மீது குற்றமில்லை என்று முடித்தது.

2011 செப்டம்பர் 11, பரமக்குடி. தலித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாள். போலீஸ் சுட்டதில் தலித் மக்கள் ஆறு பேர் போனார்கள். அ.தி.மு.க. ஆட்சி. நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச்சூடு நியாயம்தான் என்றது.

2017 ஜனவரி 23, மெரினா. ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தைக் கலைத்த அன்று சென்னையில் காக்கிச் சீருடையில் இருந்த பெண் ஒருவர் ஆட்டோவுக்குத் தீ வைக்கிற வீடியோ ஊரெல்லாம் பார்த்தது. அதற்கும் ஒரு ஆணையம்.

ஆக, ஆணையம் என்பது எல்லா ஆட்சிக்கும் வசதியான ஏற்பாடு. 1952-ம் வருஷத்து விசாரணை ஆணையச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஆணையத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. அங்கே ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பலூனை ஊதிப் பிறகு மெல்லக் காற்றை இறக்குகிற வேலை இது. மக்கள் கோபம் அடங்கும் வரை வருஷக்கணக்கில் இழுக்கலாம்.

இதில் தூத்துக்குடி ஆணையம் மட்டும் விதிவிலக்காக உண்மையைச் சொன்னது. அதனால்தான் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது முன்னதைவிட மோசம் என்கிறேன். 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள், அக்டோபர் 18-ல் சட்டமன்றத்தில் வைத்தார்கள். சுட்டவர்களைத் தண்டிப்போம் என்று மேடைக்கு மேடை பேசி ஆட்சிக்கு வந்தவர்கள் கையில் அது கிடைத்தது. ஓர் இன்ஸ்பெக்டரும் சில காவலர்களும் சஸ்பெண்ட் ஆனார்கள். மேலே இருந்தவர்கள்? பதவி உயர்வும் இடமாற்றமும் வழக்கம்போலத் தொடர்ந்தன.

சிபிஐ பற்றி ஒரு வரி. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கை சிபிஐ-க்கு மாற்றியபோது ஊரில் நம்பிக்கை இருந்தது, எனக்கும் இருந்தது. கடைசியில் குற்றப்பத்திரிகையில் போலீஸ் தரப்பில் வந்தது ஒரே ஓர் இன்ஸ்பெக்டர் பெயர். 13 சாவுக்கு ஓர் இன்ஸ்பெக்டர்.

ஜூன் 2

எண்ணிக்கை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். குண்டு பட்டு இறந்தவர்கள் 13. கைதாகி அடிபட்டு அப்புறம் இறந்த இளைஞரையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. நான் 13 என்று எழுதும்போது துப்பாக்கிச்சூட்டை மட்டும்தான் சொல்கிறேன்.

ஜூன் 6

"புகார் கொடுக்க அமைப்பே இல்லையா, போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று உண்டே" என்று ஒரு சட்டக் கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பாப்பா. போலீஸ் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, போலீஸ் மீதான புகாரை விசாரிக்கச் சுதந்திரமான அமைப்பு வேண்டும், தலைமையில் ஓய்வு பெற்ற நீதிபதி இருக்க வேண்டும் என்று.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013-ல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில அமைப்புக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. மாவட்ட அமைப்புக்குத் தலைவர் கலெக்டர், உறுப்பினர் எஸ்.பி. இதை அப்படியே 2018 மே மாதத் தூத்துக்குடிக்குப் பொருத்திப் பாருங்கள். எந்தக் கலெக்டர், எந்த எஸ்.பி. மீது ஆணையம் நடவடிக்கை கேட்டதோ அதே நாற்காலிகள்தான் புகாரை விசாரிக்க வேண்டும். அப்புறம் யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

தேசிய மனித உரிமை ஆணையமும் அப்படித்தான் கைவிட்டது. தானாக முன்வந்து விசாரணை எடுத்தது, 2018 அக்டோபரில் தானாகவே முடித்தும் வைத்தது. இழப்பீடு கொடுத்தாச்சு, அரசு ஆணையம் போட்டாச்சு என்பது காரணம். நீங்கள் முதலில் கேட்டீர்களே, "கொடுத்தாச்சு, போட்டாச்சு" என்று, அதே வாதம்தான். அதை எதிர்த்து மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பின் ஹென்றி திபேன் போட்ட வழக்குதான் இன்னும் உயர் நீதிமன்றத்தில் உயிரோடு இருக்கிறது.

ஜூன் 9

ஒருவர் கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறார். "இந்த நாட்டில் யூனிஃபார்ம் போட்டவனை என்றைக்காவது தண்டித்திருக்கிறார்களா? சும்மா மனசைத் தேற்றிக்கொள்கிறீர்கள்."

தண்டித்திருக்கிறார்கள். வாச்சாத்தி.

1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து மலையாளிப் பழங்குடி ஊர். சந்தனக் கடத்தல் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்து, கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஆடு கோழியை அடித்துத் தின்றார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அரசு சொன்னது. அந்தப் பெண்கள் விடவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை. உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது, 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர் பாக்கி இல்லை.

போன வருஷம் அதே செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிபதி வேல்முருகன் நேரில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதிய தீர்ப்பு. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வரி: அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. முப்பத்தொரு வருஷம் கழித்து ஒரு நீதிமன்றம், கீழே இருந்தவர்கள் செய்ததற்கு மேலே இருந்தவர்களும் பொறுப்பு என்று எழுதியது.

வாச்சாத்திப் பெண்களுக்கு நெட் இல்லை, வீடியோ இல்லை. தங்கள் கண்ணால் பார்த்த முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். நம்மிடம் வேன் மேல் படுத்திருக்கிறவரின் முகம் வரை இருக்கிறது.

ஜூன் 15

வேறு ஊர்க் கதை ஒன்று, இன்றைய தேதியால் ஞாபகம் வந்தது.

வட அயர்லாந்தில் டெர்ரி என்றொரு ஊர். 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணையில்லாமல் சிறை வைப்பதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவத்தின் பாராசூட் படை சுட்டது. அன்றே 13 பேர் செத்தார்கள், இன்னொருவர் பிறகு. சில வாரத்திலேயே விட்ஜரி என்ற தலைமை நீதிபதி விசாரித்து, படையைக் காப்பாற்றுகிற மாதிரி அறிக்கை கொடுத்தார். சுடப்பட்டவர்களில் சிலர் வெடிகுண்டோ துப்பாக்கியோ வைத்திருந்திருக்கலாம் என்று சந்தேகத்தை வேறு ஏற்றிவிட்டார்.

அந்தக் குடும்பங்கள் பணம் கேட்கவில்லை. "எங்கள் பிள்ளைகள் ஒரு தவறும் செய்யாதவர்கள் என்று சொல்லுங்கள்" என்றுதான் கேட்டார்கள். 1998-ல் இரண்டாவது விசாரணை ஆரம்பித்தது. 2010 ஜூன் 15-ல் அறிக்கை வந்தது, சுடப்பட்ட யாரும் எந்த ஆபத்தையும் உண்டாக்கவில்லை என்று. பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஊர் நடுச் சதுக்கத்தில் பெரிய திரை வைத்து ஜனங்கள் பார்த்தார்கள்.

இங்கே நம் ஊரில் என்ன சொன்னார்கள்? சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் காயப்பட்டுக் கிடந்தவர்களைப் பார்க்க வந்த ரஜினிகாந்தும் அதையே சொல்லிவிட்டுப் போனார். ஆணையம் அவருக்கும் சம்மன் அனுப்பியது. அந்தச் சொல்லை இதுவரை ஓர் அரசு கூட சட்டமன்றத்தில் எழுந்து நின்று திரும்பப் பெறவில்லை. வழக்குகளை வாபஸ் வாங்கினார்கள், சரி, நன்றி. "இவர்கள் குற்றமற்றவர்கள், அரசு செய்தது தவறு" என்று ஒரு முதல்வர் எழுந்து சொல்லட்டும், அவைக்குறிப்பில் ஏறட்டும். சித்தி மாதிரி ஆட்களுக்கு அது பணத்தைவிடப் பெரிசு.

ஜூலை 2

நேற்றிலிருந்து புதுக் குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132, கூட்டத்தைக் கலைக்கச் செய்த செயலுக்கு அரசு அனுமதியில்லாமல் போலீஸ் மீது வழக்கு நடத்த முடியாது என்றது. புதுச் சட்டத்தில் அதுவே 151. எண் மட்டும்தான் மாறியிருக்கிறது, கவசம் அப்படியேதான் இருக்கிறது.

பழைய 197, இப்போது 218. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்தக் கேட்ட அனுமதிக்கு 120 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று இதில் சேர்த்திருக்கிறார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கோப்பு மேஜையிலேயே தூங்குவதுதான் இத்தனை வருஷத் தந்திரம்.

ஜூலை 31

இந்த மாதம் நீதிமன்றத்தில் நடந்ததை எல்லாரும் வாசித்திருப்பீர்கள். ஹென்றி திபேன் வழக்கில் நீதிபதிகள் எஸ்.எஸ்.சுந்தர், என்.செந்தில்குமார் அமர்வு கடுமையாகப் பேசியிருக்கிறது. ஒரு தொழிலதிபரின் விருப்பத்துக்காக நடந்த மாதிரி இருக்கிறது என்று திறந்த நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள். அன்று தூத்துக்குடியில் பணியில் இருந்த போலீஸ், வருவாய் அதிகாரிகளின் சொத்துகளை லஞ்ச ஒழிப்புத் துறை விசாரிக்க உத்தரவும் போட்டிருக்கிறார்கள்.

சந்தோஷம்தான். ஆனால் எனக்கு ஒரு பயம். சொத்து விசாரணை ஒரு பக்கம் ஓடட்டும், கொலை விசாரணை அதற்குள் காணாமல் போய்விடக் கூடாது. ஓர் அதிகாரி ஒரு பைசா வாங்காதவராகவே இருக்கலாம். ஓடுகிறவர்களைச் சுடச் சொன்னது அதனால் சரியாகிவிடுமா? காசு எங்கிருந்து வந்தது என்பதோடு சேர்த்து உத்தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். சித்தியிடம் செய்தியைச் சொன்னேன். "சொத்தக் கணக்குப் பாக்கட்டும்யா, உசுரு கணக்கை எப்ப பாப்பாவ?" என்றார்.

முதலில் கேள்வி கேட்டவர் இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. திரேஸ்புரம் பற்றிக் கேட்டதற்கு அவர் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது, காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4

உருப்படியாக ஒரு வேலை. அந்த இரண்டு நாளில் எடுத்த வீடியோ, போட்டோ யாரிடம் இருந்தாலும், தயவு செய்து கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி வேண்டாம், எடுத்த போனில் இருக்கிற மூலக் கோப்புதான் வேண்டும். அதில்தான் தேதியும் நேரமும் இருக்கும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மெமரி கார்டை எடுத்துத் தனியாக ஒரு கவரில் போட்டு, எந்த இடத்தில் நின்று எடுத்தது, எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, காயத்தின் போட்டோ, எல்லாவற்றுக்கும் இதேதான். முன்பு ஆணையத்துக்கு அஃபிடவிட் கொடுத்தவர்கள் அதன் நகலைத் தேடி எடுங்கள். அங்கே சொன்னது வேறு, குற்ற வழக்கில் சாட்சி சொல்வது வேறு. மறுபடி சொல்ல வேண்டி வரும், அதற்கு மனசைத் தயார் பண்ணுங்கள்.

அந்த ஐ.டி.ஐ. பையன் இப்போது வளைகுடாவில் இருக்கிறான். நேற்று ராத்திரி போன் பண்ணினான். முதுகைக் காட்டி அன்றைக்கே அவன் தங்கச்சி ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தாளாம், இத்தனை நாள் சொல்லவில்லை. கோப்பை அவளிடமிருந்து நேரில் வாங்கி வக்கீலிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். நாளைக்குப் போகிறேன்.